விக்டோரியா கால ஸ்டீம்பங்க் கேமுக்கு வேண்டியதை எங்கே தேடுவது?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். நீங்களும் நான்கு நண்பர்களும் இதுவரை டிராகன், மந்திரவாதி வகை டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்களையே (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடுவது) ஆடி வந்திருக்கிறீர்கள். அடுத்து விக்டோரியா ராணி காலத்து லண்டனில், நீராவி இயந்திரங்கள் நிறைந்த ஒரு ஸ்டீம்பங்க் (அந்தக் காலத்தையும் கற்பனை இயந்திரங்களையும் கலக்கும் வகை) கேம்பெய்ன், அதாவது பல செஷன்களாக, பல அமர்வுகளாகத் தொடரும் ஒரே கதை, நடத்த ஆசை, கதையை நடத்தும் ஜி.எம். நீங்கள்தான். வரைபடம், படங்கள், விலைவாசி, பெயர்கள், கதைக்கரு இதெல்லாம் எங்கே கிடைக்கும், எதற்குக் காசு செலவழிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: தேடினால் ஆயிரம் இணைப்புகள் வருகின்றன, எதை எடுப்பது, எதை விடுவது என்று புரியவில்லை. உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். பத்தொன்பதாம் நூற்றாண்டைக் களமாக வைத்துப் பல வருடங்களாக கேம் நடத்தி வருகிறேன். ஸ்டீம்பங்க் என்று அட்டையில் போட்டு விற்கும் புத்தகங்களைவிட, அந்தக் காலத்து ஆட்கள் தங்கள் வேலைக்காக எழுதிவைத்த காகிதங்களே மேசையில் அதிகம் உழைக்கின்றன என்பது என் அனுபவம். நீதிமன்றப் பதிவு, கண்காட்சி கேட்டலாக், குடும்ப நிர்வாகப் புத்தகம், தினசரிப் பத்திரிகை போன்றவை. பெரும்பாலும் காப்புரிமை காலாவதியானவை, இலவசமாகவே கிடைப்பவை. ஸ்டீம்பங்க் ஓவியங்களில் பித்தளைக் கண்ணாடியும் பல்சக்கரமும் அழகாக இருக்கும். ஆனால் உங்கள் பிளேயர் ஒருவர் "இங்கிருந்து துறைமுகத்துக்கு வண்டி பிடிக்க எவ்வளவு ஆகும், வண்டிக்காரன் போலீஸிடம் சொல்லிவிடுவானா?" என்று கேட்கும்போது அந்த ஓவியத்தால் ஒரு உதவியும் இல்லை.

எதையும் தேடுவதற்கு முன்னால் ஒரு வருடத்தை முடிவு செய்யுங்கள். ஆயிரம் இணைப்புகளில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும். விக்டோரியா 1837 முதல் 1901 வரை ஆண்டார். முதல் பத்து வருடங்களில் பல ஊர்களுக்கு ரயிலே வரவில்லை. கடைசிப் பத்து வருடங்களில் லண்டனில் மின்விளக்கும் டெலிபோனும் இருந்தன. இதையெல்லாம் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டியதைத்தான் பெரும்பாலான கேம் புத்தகங்கள் 'விக்டோரியா காலம்' என்று பரிமாறுகின்றன. பலரும் 1888-ஐ எடுப்பார்கள், ஜாக் தி ரிப்பர் என்று பேர்போன ஒயிட்சேப்பல் கொலைகளுக்காக. எனக்கு அது சலித்துவிட்டது. தவிர, கொல்லப்பட்ட பெண்களை அலங்காரமாக்கிவிடும் ஆபத்தும் அதில் உண்டு. என்னைக் கேட்டால் 1866.

ஏன் 1866? அந்த மே மாதம் 10-ஆம் தேதி ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிதி நிறுவனம் ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல் கடனோடு கதவை மூடியது. மறுநாள் லண்டன் நிதிச் சந்தை முழுக்கப் பீதி. ஜூன் 7-ஆம் தேதி பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 1,500 பெண்கள் கையெழுத்திட்ட மனுவை ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் கொடுத்தார். ஜூலை 23 அன்று வாக்குரிமை கேட்டு வந்த தொழிலாளர் கூட்டத்துக்கு ஹைட் பார்க்கின் கதவுகளைப் போலீஸ் பூட்ட, கூட்டம் இரும்பு வேலியையே சாய்த்தது. நான்கு நாள் கழித்து, கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சதக் கப்பல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பியை நியூஃபவுண்ட்லாந்தில் கரை சேர்த்தது. அதே வாரங்களில் கிழக்கு லண்டனில் காலரா ஏறிக்கொண்டிருந்தது. இந்த ஒரு கோடைகாலத்தை வைத்தே ஒரு வருடத்துக்கு செஷன் நடத்தலாம். இதில் நான் சேர்த்த கற்பனை எதுவும் இல்லை.

இயந்திரங்களும் ஏற்கெனவே தயாராக இருந்தன. தரைக்கடியில் நீராவி எஞ்சின் இழுத்த மெட்ரோபாலிட்டன் ரயில் 1863-லேயே பேடிங்டனிலிருந்து ஃபேரிங்டனுக்கு ஓடத் தொடங்கியிருந்தது. தபால் மூட்டைகளைக் காற்றழுத்தத்தால் தள்ளும் குழாய்ப் பாதை யூஸ்டனுக்கும் ஹோல்போர்னுக்கும் இடையே 1865-ல் திறக்கப்பட்டது. அன்று அந்த நிறுவனத்தின் தலைவரே வண்டிக்குள் ஏறிக் குழாய் வழியாக ஊதி அனுப்பப்பட்டார். அவர்தான் மூன்றாம் பக்கிங்ஹாம் பிரபு. பத்து வருடம் கழித்து மதராஸ் கவர்னராக வந்தவர், சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் கொடுத்தவர். தமிழ்நாட்டில் இந்த கேமை ஆடும் யாருக்கும் இந்தத் தகவலைச் சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான இயந்திரம் சாமர்செட் ஹவுஸில் இருந்தது. ஸ்டீம்பங்க் என்றாலே சார்லஸ் பேபேஜின் கணக்கு இயந்திரம் வந்துவிடும், 'அது முடிக்கப்பட்டிருந்தால்?' என்ற கேள்வியோடு. பேபேஜ் தன்னுடையதை முடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஸ்வீடனைச் சேர்ந்த ஷாய்ட்ஸ், அவருடைய மகன் இருவரும் அதே அடிப்படையில் ஒரு இயந்திரத்தைச் செய்து முடித்தார்கள். அதன் பிரதி ஒன்றை, சாமர்செட் ஹவுஸில் இருந்துகொண்டு பிறப்பு, இறப்புகளைப் பதிந்துவந்த லண்டன் பதிவாளர் அலுவலகம் 1859-ல் வாங்கி, 1864-ல் வெளியான ஆயுள் அட்டவணைக்குப் (எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கணக்கு) பயன்படுத்தியது. கூடவே ஆள் நின்று கவனிக்க வேண்டியிருந்த, கொஞ்சம் முரண்டு பிடித்த இயந்திரம். அதை வைத்து வேலை செய்தவர் வில்லியம் ஃபார், அரசின் புள்ளிவிவரப் பொறுப்பாளர். 1866 காலராவின்போது எந்தத் தெருவுக்கு எந்தக் கம்பெனியின் தண்ணீர் போகிறது என்று பார்த்து, சாவுக் கணக்கை அதோடு பொருத்தி, கிழக்கு லண்டன் தண்ணீர் கம்பெனியின் பக்கம் விரலைக் காட்டியதும் இதே ஃபார்தான். கம்பெனியின் எஞ்சினியர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, வடிகட்டாத தண்ணீரை விடவே இல்லை என்று மறுத்தார். பிறகு விசாரணையில் இரண்டு வீடுகளின் குழாயில் விலாங்கு மீன் வந்தது தெரியவந்தது. வடிகட்டியில் மணல் வழியாக விலாங்கு நீந்தி வராது அல்லவா?

இப்போது அதில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள். ஸ்டீம்பங்க் செட்டிங்கை உருவாக்க எனக்குத் தெரிந்த ஒழுங்கான வழி அதுதான்: ஒன்றை மாற்று, அதன் விளைவுகளை விடாமல் பின்தொடர். உங்கள் 1866-ல் பதிவாளர் அலுவலகத்திடம் ஒரு இயந்திரம் இல்லை, நிலவறை நிறைய இருக்கிறது. அத்தனையும் நீராவியில் ஓடுகிறது. அப்படியென்றால் கரி எங்கிருந்து வருகிறது? ஆற்று வழியே படகில். அந்த வருடம் சாமர்செட் ஹவுஸுக்கு முன்னால் தேம்ஸின் ஓரத்தைத் தூர்த்து எம்பேங்க்மென்ட் என்ற கரைச்சாலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஆகவே படகுத்துறை பிரச்சினை. இயந்திரத்தை இயக்குவது யார்? தந்தி நிறுவனங்கள் 1850-களிலேயே இளம்பெண்களை ஆபரேட்டர்களாக வைத்திருந்தன, இங்கேயும் அவர்களே. அவர்களில் ஒருத்திக்கு யாரோ காசு கொடுத்து, ஒரு தண்ணீர் கம்பெனியின் வட்டாரத்துச் சாவுகளைப் பக்கத்து வட்டாரத்துக்கு மாற்றி எழுதச் சொல்கிறார்கள். முதல் செஷன் ஒரு பக்கெட்டில் நெளியும் விலாங்கோடு தொடங்குகிறது. ஆகாயக் கப்பல் வேண்டுமானால் பிறகு கொண்டுவரலாம். இந்தக் கதைக்கு அது தேவையே இல்லை.

சரி, எங்கே தேடுவது? ஒரே ஒரு இடத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றால் ஓல்ட் பெய்லி ஆன்லைன். லண்டன் மத்தியக் குற்றவியல் நீதிமன்றத்தின் விசாரணைகள் 1674 முதல் 1913 வரை, ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேல், தேடும் வசதியோடு இலவசமாக இருக்கின்றன. 1866 என்று வடிகட்டி, கள்ளநாணயம் என்ற குற்றப் பிரிவில் நுழைந்து பாருங்கள். ஒரு மதுக்கடைப் பெண் சாட்சி சொல்கிறாள்: இன்னார் வந்தார், இதைக் குடித்தார், கொடுத்த ஷில்லிங்கைப் பல்லால் கடித்துப் பார்த்தேன், வளைந்தது என்கிற பாணியில். தெரு, நேரம், விலை, ஆளின் தொழில், பேச்சு எல்லாமே ஒரே பத்தியில் வந்துவிடும். பெயர் வேண்டுமானால் ஒரு வழக்கின் முதற்பெயரையும் இன்னொன்றின் குடும்பப்பெயரையும் சேர்த்துக்கொள்வேன். இணையத்துப் பெயர் ஜெனரேட்டர்கள் எதுவும் இந்த அளவுக்கு இயல்பாகத் தருவதில்லை. ஒரு எச்சரிக்கை உண்டு. இந்தப் பதிவுகள் முழுமையானவை அல்ல. வக்கீல்களின் வாதங்கள் பெரும்பாலும் விடுபட்டிருக்கும், பாலியல் குற்றங்களின் சாட்சியம் அச்சிடத் தகாதது என்று வெட்டப்பட்டிருக்கும், சில்லறைக் குற்றங்கள் கீழ்க்கோர்ட்டிலேயே முடிந்துவிட்டதால் இதில் வராது.

அடுத்தது ஹென்ரி மேஹ்யூ. லண்டன் தெருவில் பிழைத்தவர்களைச் சந்தித்துப் பேசி எழுதிய பத்திரிகையாளர். அவருடைய தொகுதிகள் 1851-லும் 1860-களின் தொடக்கத்திலும் புத்தகமாக வந்தன. குட்டன்பெர்க் தளத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இருக்கின்றன. சாக்கடைச் சுரங்கத்துக்குள் நாணயம் தேடுபவன், ஆற்றுச் சேற்றில் கரி பொறுக்கும் பையன், தோல் பதனிடும் கூடத்துக்கு விற்க நாயின் மலத்தைச் சேகரிக்கும் கிழவி, எட்டு வயதில் கீரை விற்கும் சிறுமி. ஒவ்வொருவரும் முழு என்.பி.சி.யாகவே (ஜி.எம். ஆடிக்காட்டும் துணைப் பாத்திரம்) வருகிறார்கள், தினசரி வருமானத்தோடு. முதலிலிருந்து கடைசி வரை படிக்க முயலாதீர்கள், பைத்தியம் பிடித்துவிடும். உங்கள் கதை சாக்கடையில் நடந்தால் சாக்கடைப் பகுதியை மட்டும் படியுங்கள். மேஹ்யூ எழுதியதை வாக்குமூலமாக அப்படியே நம்பலாமா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. பேச்சை அவர் எவ்வளவு செதுக்கினார் என்பது விவாதத்துக்குரியது. கேமுக்கு அது ஒரு குறையே இல்லை.

வரைபடத்துக்கு வந்தால், எல்லாரும் உங்களிடம் சார்லஸ் பூத் வரைபடத்தைச் சொல்வார்கள். தெருத்தெருவாக வறுமையை நிறம் பூசிக் காட்டியது: கறுப்பு அடிமட்டம், மஞ்சள் பெரும்பணக்காரர். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, பூத்தின் ஆட்கள் போலீஸ்காரரோடு நடந்து எழுதிய குறிப்பேடுகளும் அங்கே இருக்கின்றன. அருமையான பொருள், ஆனால் 1880-களின் கடைசிக்கும் 1890-களுக்கும் உரியது. 1866-க்கு வேண்டுமானால் ஸ்டான்ஃபோர்டு 1862-ல் வெளியிட்ட பெரிய லண்டன் வரைபடத்தின் டிஜிட்டல் பிரதியைத் தேடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் 1890-களின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை இன்றைய லண்டன்மேல் படிய வைத்துப் பார்க்கலாம். விளக்குக் கம்பம் வரைக்கும் குறித்திருப்பார்கள். கட்டடத்தின் வடிவம், சந்தின் அகலம் பார்க்க அது போதும். நான் ஒரு பேட்டையை மட்டும் வெட்டி ஏ3 தாளில் அச்சடித்து மேசை நடுவில் போட்டுவிடுவேன். முழு நகர வரைபடம் போட்டால் பிளேயர்கள் எங்கும் போகாமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பத்திரிகைகளில் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் மிகப் பெரியது, ஆனால் பெரும்பகுதி சந்தா கட்டித்தான் பார்க்க முடியும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு குறுக்குவழி உண்டு. ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் இரண்டும் முழுக்க இலவசம். அந்தக் குடியேற்ற ஊர்ப் பத்திரிகைகள் கப்பலில் வந்த லண்டன் செய்தியைப் பத்தி பத்தியாக மறுபதிப்பு செய்தன, லண்டனிலிருந்து எழுதும் நிருபர்களின் வம்புக் கடிதங்களையும் போட்டன. காலரா, ஹைட் பார்க் கலவரம், கர்னி நிறுவனத்தின் வீழ்ச்சி எல்லாம் இரண்டு மூன்று மாதம் பிந்தி அங்கே கிடைக்கும். வேல்ஸ் தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தளமும் இலவசம். கேமில் பிளேயர்கள் கையில் கொடுக்கும் செய்தித்தாள் காகிதத்துக்கு, அதாவது ஹேண்டவுட்டுக்கு, நடை பழக இவை போதும். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: ஹேண்டவுட்டை டீயில் ஊறவைத்துப் பழுப்பாக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 1866-ல் காலையில் கடையில் வாங்கிய பத்திரிகை புதுசாகத்தானே இருந்திருக்கும்!

விலைவாசியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிளேயர்களை ஒரு காலத்துக்குள் இறக்குவதில் இதற்கு இணையாக வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கடிதத்துக்கு ஒரு பென்னி. வாடகைக் குதிரைவண்டிக்கு மைலுக்கு ஆறு பென்ஸ் என்று 1853 சட்டம் கட்டணம் விதித்திருந்தது. 1861-ல் வந்த இசபெல்லா பீட்டனின் குடும்ப நிர்வாகப் புத்தகத்தில் வேலையாட்களின் சம்பளப் பட்டியல் இருக்கிறது: வீட்டு வேலை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்யும் பெண்ணுக்கு வருடத்துக்கு 9 முதல் 14 பவுண்டு. இதற்குப் பக்கத்தில் 1866 அட்லாண்டிக் தந்தியின் ஆரம்பக் கட்டணத்தை வையுங்கள்: 20 சொல்வரை அனுப்ப 20 பவுண்டு. ஒரு தந்தி, அந்தப் பெண்ணின் ஒரு வருடச் சம்பளத்தைவிட அதிகம். உங்கள் பிளேயர் அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்பவேண்டிய நிலையை உண்டாக்கி, காகிதத்தைக் கொடுத்து, சொற்களை எண்ணி எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் வெட்டுவதில் அரை மணி நேரம் போகும், யாரும் பகடையைத் தொடமாட்டார்கள். இந்த மாதிரி பத்துப் பன்னிரண்டு விலைகள் ஒரு அட்டையில் இருந்தால் போதும். கேம் புத்தகங்களின் நீண்ட உபகரணப் பட்டியல்கள் எனக்குப் பயன்பட்டதே இல்லை.

படங்களுக்கு பிரிட்டிஷ் நூலகம் 2013-ல் ஃப்ளிக்கரில் போட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. பழைய புத்தகங்களிலிருந்து எடுத்தவை, பொதுச்சொத்து என்று அறிவித்தே கொடுத்தவை. வகைப்படுத்தல் மோசம், பொறுமை வேண்டும். வெல்கம் கலெக்‌ஷன் தளத்தில் மருத்துவம், நோய், அறுவைக் கருவிகள் சம்பந்தப்பட்டவை நன்றாக அடுக்கப்பட்டிருக்கும். விசித்திர இயந்திரங்களுக்கு 1851 மகா கண்காட்சியின் அதிகாரபூர்வ கேட்டலாக் ஒரு தங்கச்சுரங்கம். பன்னிரண்டு அட்டைப்பூச்சிகளைப் பாட்டில்களில் அடைத்து, புயல் வருமுன் அவை மேலேறி மணியடிக்கும்படி ஒரு டாக்டர் செய்த கருவி அந்தக் கண்காட்சியில் உண்மையாகவே வைக்கப்பட்டிருந்தது. இதைவிட ஸ்டீம்பங்கான ஒன்றை நாமாக யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஏ.ஐ. படங்களைப் பற்றி யாராவது கேட்பீர்கள். அவை தரும் லண்டன் எப்போதும் ஒரே லண்டனாக இருக்கிறது, மரச்செதுக்குப் படத்தில் இருக்கும் தற்செயலான கூடைக்காரி அதில் வரமாட்டாள்.

சட்டங்களையும் தேடிப் பாருங்கள், அவை நல்ல தடைகள். 1865-ல் வந்த சட்டப்படி சாலையில் ஓடும் நீராவி வண்டி ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தது மூன்று ஆள் வேண்டும். அதில் ஒருவர் சிவப்புக் கொடியோடு 60 கஜம் முன்னால் நடக்க வேண்டும். உங்கள் பிளேயர்கள் நீராவிக் காரில் துரத்தல் காட்சி வேண்டும் என்பார்கள். தாராளமாகத் துரத்தட்டும், சட்டத்தை மீறித்தானே துரத்த வேண்டும். பேபேஜையும் விட்டுவிடாதீர்கள். 1866-ல் அவர் உயிரோடு டார்செட் தெருவில் இருந்தார், தெரு இசைக்காரர்களோடு தீராத சண்டையில். 1864-ல் வந்த அவருடைய நினைவுக் குறிப்பில் தெருத் தொல்லைகளுக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. அவரைச் சந்திக்க வரும் பிளேயர்கள் முதலில் வாசலில் ஆர்கன் வாசிப்பவனைச் சமாளித்தாக வேண்டும்.

விதிமுறைப் புத்தகம் எது என்பதற்கு நீளமான பதில் வேண்டாம் என்று நினைக்கிறேன். செவ்வாய்க் கிரகம் வரைக்கும் போகும் சாகசம் என்றால் 1988-ல் வந்த ஸ்பேஸ் 1889. பிரபுக்கள், மாயம், வாள்சண்டை கலந்த ஐரோப்பா என்றால் 1994-ன் காஸில் ஃபால்கன்ஸ்டைன். பகடைக்குப் பதில் சீட்டுக்கட்டு. கனவான்கள் பகடை உருட்டமாட்டார்கள் என்பது அதன் வாதம். துல்லியமான 1890-கள் லண்டனும் திகிலும் வேண்டுமானால் கயோசியம் நிறுவனத்தின் கால் ஆஃப் கதுலு கேமுக்கான காஸ்லைட் துணைநூல். ஜர்ப்ஸ் என்பது எந்தக் களத்துக்கும் பொருந்தும் பொது விதித்தொகுதி; அதன் ஜர்ப்ஸ் ஸ்டீம்பங்க், 2000-ல் வந்தது, ஜர்ப்ஸ் ஆடாதவர்களும் பின்னணிக்காகப் படிக்கலாம். திருட்டு, சதி, கும்பல் என்றால் 2017-ன் பிளேட்ஸ் இன் தி டார்க். அதன் நகரம் கற்பனை என்றாலும் புகையும் வர்க்கமும் அசல். அதன் அடிப்படை விதிகளும், ஃபேட் என்ற இன்னொரு பொது விதித்தொகுதியின் விதிகளும், டி அண்டு டி-யின் (டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றில் நான் நீண்ட காலம் நடத்தியது பிளேட்ஸும் ஃபேட்டும்தான், மற்றவற்றைப் படித்ததும் ஓரிரு முறை ஆடியதும் மட்டுமே. ஆகவே எது சிறந்தது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி போதாது. காலரா, தண்ணீர் கம்பெனிக் கதைக்கு நான் பிளேட்ஸை எடுப்பேன். அதில் கடிகாரம் போல் வட்டம் வரைந்து, ஆபத்து ஏற ஏற அதன் பகுதிகளை நிரப்பும் முறை, தொற்று பரவுவதைக் காட்டக் கச்சிதமாகப் பொருந்தும். டி அண்டு டி பழகிய குழு என்றால் பேய் பிடித்ததுபோல் எல்லாரும் சண்டைக்கே போவார்கள். ஒரு துப்பாக்கிக் குண்டில் ஆள் சாகக்கூடிய உலகத்துக்கு அடி வாங்க வாங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் அந்த ஹிட் பாயின்ட் கணக்கு ஒத்துவராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் செஷனிலேயே அது வந்து நிற்கும். "என் கேரக்டர் இந்தியனாக இருக்கலாமா?" தாராளமாக. லைம்ஹவுஸில் ஆசிய, ஆப்பிரிக்க மாலுமிகளுக்கான விடுதி 1857-லிருந்து இயங்கியது. வெள்ளைக்காரக் குடும்பங்களோடு கப்பலில் வந்த ஆயாக்கள் லண்டனில் இருந்தார்கள். தாதாபாய் நவ்ரோஜி அங்கே வணிகம் செய்தார், 1866 கடைசியில் ஈஸ்ட் இந்தியா அசோசியேஷனைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த வருடம்தான் ஒரிசாவில் பெரும் பஞ்சம், சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். உங்கள் கேமின் தந்திக் கம்பிகளைச் சுற்றியிருக்கும் கட்டாபெர்ச்சா மலேயாக் காட்டு மரங்களின் பால். அத்தனை பளபளப்புக்கும் பின்னால் யாரோ கூலி வாங்காமல் உழைத்திருக்கிறார்கள் என்பதை ஸ்டீம்பங்க் மறைத்துவிடும் போக்கு உண்டு. நான் அதை மறைப்பதில்லை, பிரசங்கமும் செய்வதில்லை. கதையில் ஒரு கம்பெனி வந்தால் அதன் பங்குப் பத்திரம் எங்கே சம்பாதிக்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வேன். இன அவமதிப்பு எந்த அளவுக்கு மேசையில் பேசப்படலாம் என்பதைத் தொடங்கும் முன் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அது ஆடுபவர்களைப் பொறுத்தது, வெளியாள் சொல்ல முடியாது.

பெண் கேரக்டர்களுக்கும் இதே கதைதான். 'அந்தக் காலத்தில் பெண்கள் வெளியே வரமாட்டார்கள்' என்று யாராவது சொன்னால் 1866-லேயே பதில் இருக்கிறது: எலிசபெத் காரெட் அதற்கு முந்தின வருடம் மருத்துவ உரிமம் பெற்று, இந்த வருடம் மேரிலபோனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருந்தகத்தைத் திறந்துவிட்டார். இணையத்தில் சுற்றும் விக்டோரியா காலத் 'தகவல்களை'ச் சந்தேகத்தோடு பாருங்கள். மேசைக் கால்களுக்கு வெட்கப்பட்டுத் துணி கட்டினார்கள், இடுப்பு மெலிய விலா எலும்பை எடுத்தார்கள் என்பவற்றுக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. நாற்றம் தாங்காமல் 1858-ல் நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்தார்கள் என்பது நம்ப முடியாததுபோல் தெரிந்தாலும் நடந்தது. படங்களை வீட்டு மேசையில் பயன்படுத்துவதில் சிக்கல் வராது; கேமை யூடியூபில் போடவோ பி.டி.எஃப். ஆக விற்கவோ போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு தளத்தின் உரிமக் குறிப்பையும் தனித்தனியாகப் படித்தாக வேண்டும். அதற்கு மேல் சட்ட ஆலோசனை சொல்ல நான் ஆள் இல்லை.

செலவு என்று பார்த்தால், முதல் இரண்டு மாதம் எதையும் வாங்காதீர்கள். இலவச விதிகளை இறக்கிக்கொண்டு, மூன்று செஷன் நடத்துங்கள். அதன்பின் குழுவுக்குப் பிடித்திருந்தால் ஒரு விதிப் புத்தகத்தை பி.டி.எஃப். ஆக டிரைவ்த்ரூ ஆர்.பி.ஜி. என்ற இணையக் கடையில் வாங்குங்கள், தள்ளுபடித் தொகுப்புகள் விற்கும் பண்டில் ஆஃப் ஹோல்டிங் தளத்தில் ஸ்டீம்பங்க் தொகுப்பு வருகிறதா என்று பார்த்துக் காத்திருந்தால் மலிவாகவே கிடைக்கும். அச்சுப் புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கட்டணமும் சுங்கமும் சேர்ந்து புத்தக விலையைத் தொட்டுவிடும். பணம் மிச்சமிருந்தால் பெரிய அளவில் வரைபடம் அச்சடிக்கக் கொடுங்கள், அது தினமும் கண்ணில் படும். தயாரிப்புக்கு ஒரு செஷனுக்கு ஒரு ஓல்ட் பெய்லி வழக்கு, ஒரு பத்திரிகைப் பத்தி, வரைபடத்தில் ஒரு தெரு. இவ்வளவு படித்தால் போதும். மூன்றாவது செஷன் முடிந்தபின் எந்த இடத்தில் தகவல் பற்றாமல் திணறினீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள், அதற்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம்.